லியாங் தேர்ந்தெடுத்த பள்ளி

மூன்று வாரமாக அந்த வெள்ளைக் காரைத்தான் தொடர்ந்துகொண்டிருந்தோம். அன்றும் அது ஒரு பள்ளி வாசலில் போய் நிற்க, எதிர்ப்பக்கம் மரத்தடியில் எங்கள் காரை நிறுத்திவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தோம்.

"இறங்குறானா?" என்றாள் என் மனைவி பிரான்வின்.

"இல்ல. உள்ளயே உக்காந்திருக்கான்."

நாங்கள் போலீசும் இல்லை, திருடர்களும் இல்லை. ஐந்து வயது மகள் ஹேசலுக்குப் பள்ளி தேடும் பெற்றோர். மாட்டுப் பண்ணைகள் நடுவிலிருந்து மெல்பர்ன் புறநகருக்குக் குடிவர இருந்தோம். பார்த்த பள்ளிகள் எல்லாமே சுவரில் பல நாட்டுக் குழந்தைகள் சிரிக்கும் படத்தை மாட்டி வைத்திருந்தன.

எதில் சேர்க்கிறோமோ, அந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு பிடிக்க வேண்டும். பிரான்வினுக்கு மருத்துவமனையில் மாலை வேலை என்பதால், பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகமும் வேண்டும். தப்பாகத் தேர்ந்தெடுத்துப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அப்போதுதான், பெற்றோர்கள் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கும் நாள்களில், அந்த வெள்ளைக் காரில் மகனோடு வந்துகொண்டிருந்த லியாங் கண்ணில் பட்டார்.

"சீனாக்காரங்க படிப்பு விஷயத்துல கோட்டை விடமாட்டாங்க. அவன் எதுல சேக்குறானோ, நாமளும் கண்ண மூடிக்கிட்டு அதுல சேத்துடலாம்," என்றேன். இதற்கு நான் வைத்திருந்த பெயர் ஆராய்ச்சி.

"அவன் முழிக்கிறதப் பாத்தா, தெரிஞ்ச ஆள் மாதிரியே இல்லையே, டரன்."

"அது முழிக்கிறது இல்ல, யோசிக்கிறது. உனக்குப் புரியாது."

பின்சீட்டிலிருந்து ஹேசல், "அம்மா, ஒண்ணுக்கு வருது," என்றாள்.

பிரான்வின் அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குள் ஓடினாள். நான் தலையை இன்னும் கீழே இறக்கிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் வெள்ளைக் காரின் கதவுகள் திறந்தன. லியாங், மனைவி, மகன் மூவரும் வேகவேகமாக உள்ளே போனார்கள். வேலை முடிந்து ஹேசல் திரும்பி வந்த பிறகும் அவர்களைக் காணோம். கடைசியில் வெளியே வந்தபோது, லியாங் கையில் பள்ளிச் சீருடைப் பை இருந்தது.

"சேத்துட்டான்," என்றேன்.

அன்றைக்கே ஹேசலைப் பள்ளியிலும் காப்பகத்திலும் சேர்த்தோம். பக்கத்துத் தெருவில், குளியலறை ஒழுகும் ஒரு வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன். பிரான்வினிடம், "பாத்தியா என் மூளைய?" என்று வேறு கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள், பள்ளி வாசலில் லியாங்கே என்னைத் தேடி வந்து கைகுலுக்கினார்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்," என்றார்.

"நானில்ல சொல்லணும்? இவ்வளவு பள்ளிக்கூடம் இருக்கயில, எப்படிங்க இதக் கண்டுபுடிச்சீங்க?"

லியாங் கூச்சத்துடன் சிரித்தார்.

"நாங்க இந்த நாட்டுக்கு வந்தே நாலு மாசந்தாங்க ஆகுது, எங்களுக்கு என்ன தெரியும்? அன்னிக்கு உங்க வீட்டம்மா பொண்ணத் தூக்கிக்கிட்டு அவ்வளவு அவசரமா உள்ள ஓடுனாங்களே, அதப் பாத்துத்தான் சேத்தோம்."