இரண்டு வாளி

பீர் கசந்துவிட்டது. வாயில் வைக்க முடியாத கசப்பு.

தப்பு என்னுடையது. என் கொட்டில் சுவரில் நானே வளர்த்த ஹாப்ஸ் கொடி. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது அதன் பூதான். வழக்கமாகப் பூவைப் பறித்த அன்றே பச்சையாகவே பீர் கொதிக்கும்போது போடுவேன். இந்த வருஷம் மழைக்குப் பயந்து முன்னாலேயே பறித்துக் காயவைத்தேன். காய்ந்தால் எடை இறங்கும் என்பதை மறந்து, பச்சைக்குப் போடும் அதே எடையைக் கொட்டிவிட்டேன்.

"அறுபத்தெட்டு வயசு. இதுகூடவா மறந்துபோகும்?" என்றாள் என் மனைவி ஸென்ஸி.

"வாயை மூடு."

வெள்ளிக்கிழமை எங்கள் முறை. ஊர்ப் பொதுக் கொப்பரையில் காய்ச்சி, அவரவர் நிலவறையில் புளிக்கவைத்து, முறை வந்ததும் வாசலில் மர நட்சத்திரம் தொங்கவிட வேண்டும். அதைப் பார்த்து ஊரே குடிக்க வரும். பாதிக் குவளையை வைத்துவிட்டு எழுந்தார்கள் என்றால் போச்சு. செத்தாலும் அந்தப் பேச்சு போகாது.

செவ்வாயன்று பக்கத்து வீட்டு உர்பான் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். குவளையை வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் மகா கஞ்சன். ஹாப்ஸ் போடக்கூடக் கை வராது. அவன் பீர் சர்க்கரைத் தண்ணீர்.

மறுநாள் மத்தியானம் ஸென்ஸி ஓடிவந்தாள்.

"நம்ம நிலவறையிலேர்ந்து உர்பான் ரெண்டு வாளி பீர் தூக்கிட்டுப் போறான். என் கண்ணால பார்த்தேன்."

இறங்கிப் பார்த்தேன். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது.

"எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி வச்சிருக்கான், படுபாவி," என்றாள் ஸென்ஸி.

வேலியோரம் போய்க் கத்தினேன். "கசக்குற பீரைக்கூட விடமாட்டியாடா?"

"கத்தாதடா கிழவா. தொண்டை வறண்டா குடிக்க உன்கிட்ட ஒண்ணும் இல்ல," என்று உள்ளே போய்விட்டான்.

வெள்ளி. நட்சத்திரத்தைத் தொங்கவிட்டேன். முதல் ஆள் தபால்காரர் க்ஸாவர். ஒரு மடக்குக் குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"இன்னொண்ணு ஊத்து, அலோயிஸ்."

"கசக்கலையா?"

"அளவாத்தான் கசக்குது. இத்தனை வருஷத்துல இதுதான் உன் நல்ல பீர்."

அப்பாடா என்றிருந்தது. ஏழு மணிக்குள் தொட்டி காலி. உர்பான் மட்டும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் வாசலில் நட்சத்திரம். ஸென்ஸி பிடித்துத் தள்ளியதால் போனேன். குவளையை முகத்தருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றேன். என் கொட்டில் சுவர்ப் பூவின் வாசனை.

உர்பானைப் பார்த்தேன்.

"உன்னோடது பாதி இங்க, என்னோடது பாதி அங்க," என்றான். "பதினாலு நடை. உன் பொண்டாட்டி ஒரு நடையைத்தான் பார்த்தா."

"சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா விட்டிருப்பியா?"

பக்கத்து மேஜையிலிருந்து க்ஸாவர் திரும்பினார். "என்னப்பா இது, அன்னிக்கு அலோயிஸ் வீட்டுல குடிச்ச மாதிரியே இருக்கு. யாரு கைப்பக்குவம்?"

நான்தான் சொன்னேன்.

"உர்பான்."