ஒரு ஊசிதானே!

ஒருவரின் கைக்குள் தமனியும் சிரையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தமனி இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும். அதற்குத் தடித்த சுவர், ஆழத்தில் பத்திரமான இடம். சிரை அந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும். அதற்கு மெல்லிய சுவர். தோலுக்கு அடியிலேயே பச்சையாகத் தெரியும்.

ஒருநாள் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், அந்தக் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். சிரையின் வழி அடைபட்டது.

"அண்ணே, தள்ளாதீங்க! போக வழியில்லை, வீங்கிட்டே போறேன்!"

"தள்ளுறதுதான் என் வேலை," என்றது தமனி.

ஸ்பிரிட் பஞ்சு தோலில் சில்லென்று பட்டது.

"ஊசி வருது அண்ணே! பயமா இருக்கு."

"ஒரு ஊசிதானே? அசையாம இரு. என்னைப் பாரு, எதுக்காவது பயப்படுறேனா?"

ஊசி தோலைத் துளைத்தது. சிரை பயத்தில் சட்டென்று ஒதுங்கிக்கொண்டது. ஊசி நிற்கவில்லை. அதைத் தாண்டி, தமனியை நோக்கி இறங்கியது.

"ஐயோ, இங்கே வருதே! தங்கச்சி, எங்கே போயிட்டே? வந்து நில்லு!"

நர்ஸ் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். சிரை கண்ணை இறுக மூடிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஊசி சிரைக்குள் இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறியது. பட்டை தளர்ந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பயப்படக் கூடாதுன்னு," என்றது தமனி.



தமனி ஓடும் மணிக்கட்டில் நர்ஸ் விரலை வைத்துப் பார்த்தாள்.

"என்ன சார், நாடி இப்படி அடிச்சுக்குது? ஒரு ஊசிதானே!"