வம்ச ஏட்டில் நிற்காத பெயர்

“ராஜா பேருக்குக் கீழ என் பேரை எழுதுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வளர்த்தவள் பிரியோலாஞ்சாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். லிஸ்பன் அரண்மனையில் வம்ச ஏடு எழுதும் கஸ்பார் கோபப்படவில்லை.

“எழுதாமலா இருப்பேன் அம்மணி? பதினோரு தடவை எழுதிட்டேன். ராஜாவே எழுதச் சொன்னாரு. நிக்க மாட்டேங்குது.”

“கல்யாணம் பண்ணாமப் பெத்த பிள்ளைன்னு மசிக்கும் தெரியுமா?”

அவர் அவள் கண்ணெதிரே எழுதினார். மற்றப் பெயர்களெல்லாம் கறுப்பாகக் கிடக்க, அவள் பெயர் மட்டும் வெளுத்து மறைந்தது. இறகுப் பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள். அதுவும் போயிற்று.

முன்வாசலில் கன்னிமடத்து வண்டி அவளுக்காகக் காத்திருந்தது. ராஜாவுக்கு அப்படிப் பிறந்த பெண்களை அங்கே அடைத்துவிடுவதுதான் வழக்கம்.

“நான் மடத்துல செத்துட்டதா எழுதுங்க, பாப்போம்.”

கஸ்பார் எழுதினார்: ‘பிரியோலாஞ்சா, ராஜாவின் மகள், மடத்தில் இறந்தாள்.’ மசி காய்ந்தது. எழுத்து நின்றது. எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள், கலையவில்லை.

“இப்ப நான் என்ன பண்றது அம்மணி?”

“நீங்க பண்ண ஒண்ணுமில்ல. செத்தவளை யாரும் தேட மாட்டாங்க.”

தனக்குப் போட்டுவிட்டிருந்த மடத்து முக்காட்டைக் கழற்றி அந்த ஏட்டின் மேல் போட்டுவிட்டு, வண்டி நிற்காத பின்வாசல் வழியாக வெளியே நடந்தாள்.