எச்சில் தீர்மானம்

பேரூராட்சியின் சுகாதார விதிகளில் புதிதாக ஒன்று சேரப்போகிறது: பொது இடத்தில் துப்பினால் அபராதம். அது வந்துவிட்டால் கவுன்சிலர் கொம்பையாவின் வெற்றிலைக்கடை படுத்துவிடும். ஆனாலும் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்துக்கு முன்னால், புகையிலை தாராளமாக வைத்துத் தலைவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்ததோடு சரி. எல்லாரும் கைதூக்கியாயிற்று, 'நிறைவேறியது' என்று தலைவர் வாயால் சொல்வதுதான் பாக்கி. தலைவரின் கன்னம் உப்பியிருந்தது, கண்கள் சன்னலைத் தேடின. "வெளிய போய்த் துப்பிட்டு வந்து சொல்லட்டுமே, அண்ணாச்சி," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "நல்லா துப்பட்டும்வே. வாசல்ல பத்திரிகைக்காரன் கேமராவோட நிக்கான்," என்று கொம்பையா சாய்ந்து உட்கார்ந்தார். புகையிலைச் சாற்றை எந்த மனுஷன் விழுங்குவான்? தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தொண்டை மெல்ல அசைந்தது. கொம்பையா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.