பெரிய எழுத்து

பழவேற்காடு கடைவீதியின் செல்போன் கடைக்குள், ஏரிப் பக்கத்து நண்பகல் வெளிச்சம் கண்ணாடிக் கதவு வழியே கொட்டுகிறது. கடைக்காரர் தேவராஜ் புதிதாக வந்த டேப்லெட்டின் உறையை உரித்தபடி, "பதினோரு இன்ச்சு, நாள் பூரா சார்ஜ் நிக்கும், கேமரா சூப்பரா இருக்கும்" என்று அடுக்குகிறார். மகளோடு வந்திருக்கும் ஹமீதாவின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. "எழுத்து எவ்ளோ பெருசாவும், அத்த சொல்லுங்க" என்கிறாள். போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு மகள் ரிஸ்வானாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. கல்லூரிப் பாடத்தைப் போனில் மூக்கு உரசப் பார்த்தும் படிக்க முடியாமல், படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று நேற்று அழுதாள். சென்ற மாதம் பழைய மாடலின் விலையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் இவர்கள். தேவராஜ் இரண்டு விரல்களால் திரையை விரிக்கிறார். எழுத்துகள் கட்டைவிரல் அளவுக்கு எழும்புகின்றன. ரிஸ்வானா குனியவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, திரையில் தெரியும் விளம்பரத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாள்: "அறிமுக விலை பதினாலாயிரத்து ஐந்நூறு. முந்தைய மாடலைவிட ஆறாயிரம் குறைவு." வெளியே ஐஸ் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. ஹமீதா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைக்கிறாள். "இன்னாம்மா, வெல ஜாஸ்தியாக்கீதா?" என்று தேவராஜ் பதறுகிறார். "அது இல்லண்ணா," என்கிறாள் அவள், "இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லுங்க."