காதில் ஓடும் குரல்

இஸ்திரி உருளையிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. சூடாக, ஆவியோடு, முடிவே இல்லாததுபோல.

மடிப்பண்ணன் தலையை லேசாகச் சாய்த்தார். காத்திருந்தார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தார்.

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வயது நாற்பத்தொன்று. எதையும் புரிந்துகொள்ள மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் நேரத்தைக் கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

அதற்காகத்தான் அந்தக் கறுப்பு ஹெட்போன். இவரைப் போன்றவர்களுக்கு வேலை வாங்கித் தரும் அமைப்பு கொடுத்தது. ஒவ்வொரு படியாக அதில் ஒரு குரல் சொல்லும். முனையைப் பிடிங்க. பாதியா மடிங்க. ஓட்டல் முத்திரை மேல வரட்டும். தப்பாகிவிட்டால் திட்டாது, திரும்பச் சொல்லும்.

பக்கத்துச் சுவரில் ஓர் அட்டையும் ஒட்டியிருந்தார்கள். ‘இவர் காதில் குரல் ஓடும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது.’

இன்றோடு ஆறு மாதம். அமைப்பிலிருந்து வந்த பெண் படிவத்தோடு பக்கத்தில் நின்றாள். வேலை நிரந்தரமா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும்.

காலையில் அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, “இதுவும் போச்சுன்னா வேற எங்கடா போறது?” என்றாள். சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்தாள் போலிருக்கிறது. சரியாக இருந்த காலரை இன்னொரு முறை சரிசெய்தாள்.

ஏற்கெனவே மூன்று இடம் போய்விட்டது. அச்சகம், பேக்கரி, மருந்துக் கிடங்கு. வேலை தெரியாமல் இல்லை. யாராவது குரலை உயர்த்திவிட்டால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். அது திரும்பி வருவதற்குள் வேலை போயிருக்கும்.

இங்கே அப்படியில்லை. ஹெட்போனுக்குள் எப்போதும் மழை விட்ட மதியம்தான். இயந்திரங்கள் எங்கோ தொலைவில் மூச்சுவிடும். ஆவிக்குள் ஆட்கள் மிதந்து வருவார்கள், மிதந்து போவார்கள்.

மேற்பார்வையாளருக்கு அங்கே இடி என்று பெயர். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்த இடியும் மடிப்பண்ணன் முன்னால் வந்து வாயைத் திறப்பார், அட்டையைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். அப்புறம் கையை ஆட்டி ஆட்டிச் சைகையில் ஏதோ சொல்வார். மடிப்பண்ணனுக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வார்.

பன்னிரண்டு விரிப்புகள் முடிந்தன. ஒவ்வொரு மடிப்புக்கும் முன்னால் அதே தலைச்சாய்ப்பு, அதே காத்திருப்பு. அடுக்கின் ஓரத்தில் ஒரு நூல்கூட வெளியே நீட்டவில்லை.

அந்தப் பெண் கையசைத்தாள். அவர் ஒரு காதை மட்டும் திறந்தார்.

“பிரமாதம் அண்ணா. வேலை உங்களுக்குத்தான். அதான் எல்லாம் கத்துக்கிட்டீங்களே, இனிமே ஹெட்போன் எதுக்கு? இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார். குடுத்துடுங்க.”

முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. இதைக் கொடுத்துவிட்டால் இந்த வேலை எத்தனை நாளைக்கு என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் கேட்டால் கொடுத்துவிடுகிற ஆள் அவர். கழற்றிக் கொடுத்தார்.

கூடம் முழுவதும் ஒரேயடியாகக் காதுக்குள் வந்து கொட்டியது. மறுகோடியில் இடி யாரையோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். திட்டு இவருக்கில்லை. இருந்தாலும் இவருடைய கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன. பதின்மூன்றாவது விரிப்பு, பிடிக்க ஆளில்லாமல் வந்து தரையில் குவிந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பகீரென்றது. குரல் இல்லாமல் இவரால் முடியாதோ, அவசரப்பட்டுவிட்டோமோ. எந்தப் படியில் விட்டது என்று பார்க்க ஹெட்போனைத் தன் காதில் மாட்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடியும் அழுத்தினாள். ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து விலக்கிக்கொண்டு கேட்டாள்.

“எப்பலேருந்து அண்ணா இப்படி?”

“மூணாவது நாள்லேருந்து.” அவர் தரையைப் பார்த்தார். “சொன்னா ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிடுவீங்க. இதை மாட்டியிருந்தா யாரும் கத்த மாட்டாங்க.”

அவள் விலக்கிய பக்கத்தையும் காதில் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஆவியும், மெதுவாக நகரும் வெள்ளையும், தூரத்தில் வாயை மட்டும் அசைக்கிற ஒரு மனிதரும் தெரிந்தார்கள்.

பிறகு கழற்றி அவர் தலையில் மாட்டி, இரண்டு காதிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

கீழே கிடந்த விரிப்பைப் பார்த்துவிட்டு இடி வேகமாக வந்தார். வாயைத் திறந்தார்.

மடிப்பண்ணன் தலையை லேசாகச் சாய்த்தார்.

இடி வாயை மூடிக்கொண்டு, தானே குனிந்து விரிப்பை எடுத்து மறுசலவைக் கூடையில் போட்டார்.

அவள் படிவத்தை நிரப்பினாள். வேலை நிரந்தரம். கருவி இன்னும் தேவையா? தேவை.

‘கருவியின் நிலை’ என்ற கடைசி வரியில் பேனா சற்று நின்றது.

‘நன்றாக வேலை செய்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.