மீதம் என்ற இடத்தில் ஒரு கோடு

புதிய எந்திரத்தின் திரையில் பச்சை விளக்கு. அதன் கீழே 'நிலை: நலம்'. அதற்கும் கீழே 'மீதம்' என்ற சொல், அதன் எதிரே ஒரு சின்னக் கோடு.

பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று போட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஒரு வாரம் முன்பு, மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவன் விடுப்பில் போகும்போது அங்கே ஓர் எண் இருந்தது. மருத்துவமனையின் பன்னிரண்டு வருட ஸ்கேன் படங்களில், அவற்றைச் சேமித்து வைத்திருக்கும் பழைய எந்திரத்திலிருந்து புதியதற்கு இன்னும் நகலெடுக்க வேண்டியவை நாற்பத்தோராயிரம்.

மொத்தக் குவியலில் அவனுடைய அக்காவின் போன வருடப் படமும் ஒன்று. திங்கட்கிழமை எடுக்கப்போகும் புதுப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும்.

மேலாளர் என்றுமில்லாத திருநாளாகத் தன் கையாலேயே காபி கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு தாள். நகலெடுக்கும் வேலை முழுமையாக முடிந்தது என்று அவன் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடும்வரை புதிய எந்திரம் ஒரு படத்தையும் திறந்து காட்டாது.

"ஒண்ணும் மிச்சமில்லைன்னுதான் கோடு போட்டிருக்கு. பச்சை வேற எரியுது. இன்னும் என்னப்பா யோசனை?"

பச்சையைக் கண்டால் மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிடும். புதிய எந்திரம் உயிரோடிருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பச்சைக்கு வேறு அர்த்தமில்லை. உயிரோடிருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவருக்கு அது போதும்தான்.

எந்திரத்தை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"மிச்சம் இல்லைன்னாலும் கோடு வரும் சார். எவ்வளவு மிச்சம்னு தெரியலைன்னாலும் கோடுதான் சார் வரும்."

"ரெண்டுல எதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"நலம்னு காட்டுதுல்ல சார்? அப்ப பயப்படாதீங்க."

கிளி ஜோசியக்காரன் இதைவிடத் தெளிவாகச் சொல்வான். காசும் குறைச்சல்.

பழைய எந்திரத்தையே கேட்டுவிடுவது என்று எழுந்தான். கீழ்த்தளத்தில், அதற்கென்றே இருந்த அறைக்கு நேரில் போக வேண்டும். அழகில்லாத, இரைச்சல் போடுகிற எந்திரம். ஆனால் எத்தனை படம் போனது, எத்தனை பாக்கி என்று கேட்டால் எண்ணிச் சொல்லும்.

மேலாளர் பின்னாலேயே வந்தார். காபி ஆறுது என்றார். லிஃப்ட் ரிப்பேர் என்றார். படியில் இறங்கும்போது அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார்.

அறைக் கதவைத் திறந்தான்.

ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் தூசு படியாத ஒரு நீள்சதுரம். பிடுங்கிய கேபிள்களை யாரோ பொறுப்பாகச் சுருட்டிச் சுவரோரம் வைத்திருந்தார்கள்.

"முந்தாநாளே பழைய சாமான்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார் மேலாளர். "பச்சையாத்தானப்பா இருந்துச்சு."

அவன் குனிந்து ஒரு கேபிளின் முனையை எடுத்துப் பார்த்தான்.

"டிஸ்க்குல எல்லாம் ஓட்டை போட்டு, ஒரு படத்தையும் யாரும் திரும்ப எடுக்க முடியாதபடிதான் குடுத்தேன், விதிமுறைப்படி" என்றார், அதற்காவது அவன் ஒரு சபாஷ் சொல்வான் என்பதுபோல.